சர்க்காரின் காதில் சொல்லாத சூட்சுமம்

ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் கண்டுபிடித்த பிழைகளைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல. அவையெல்லாம் அலமாரியில் கோப்புக் கோப்பாக இருக்கின்றன. எடுத்துப் படியுங்கள், நல்ல தூக்கம் வரும். நான் சொல்லப்போவது கோப்பில் ஒரே வரியில் முடிந்துபோன விஷயம். “கதவுகளின் கைப்பிடி அமைப்பு மாற்றப்பட்டது” என்று அதில் இருக்கும். அந்த வரியை எழுத வைப்பதற்காக நான் ஒரு மத்தியானம் இருட்டில் உட்கார்ந்து வேர்த்து வழிந்தேன் என்பது அதில் இருக்காது.

எழுபதுகளின் தொடக்கம். கடற்கரையோரம் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. கட்டக் கட்ட ஒவ்வொன்றையும் பார்த்து, அளந்து, தட்டி, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது என் வேலை. சரியில்லை என்றால் போட மாட்டேன். இந்த இரண்டாவது வாக்கியத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நீங்களும் சீக்கிரம் அனுபவிப்பீர்கள். நான் வருவதைப் பார்த்ததும் மேஸ்திரிகள் பீடியை அணைப்பார்கள், காண்டிராக்டர்கள் நாற்காலி போடுவார்கள். இரண்டே வருஷத்தில் கட்டடம் முழுவதும் என் கையெழுத்தின் மேல்தான் நிற்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

நிலையத்தில் சில அறைகளுக்குக் காற்றுப் புகாத கனத்த இரும்புக் கதவுகள் தேவைப்பட்டன. உள்ளே ஏதாவது நேர்ந்தால் அந்தக் காற்று வெளியே போகக் கூடாது. அதே சமயம் உள்ளே இருக்கும் ஆள் கைப்பிடியைத் திருப்பினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். ஒப்புக்கொண்டிருந்த கம்பெனி இழுத்தடித்ததால், நான்கு கதவுகளை மட்டும் காரைக்குடியில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தார்கள். அங்கே போய் ஆய்வு செய்ய யார் தயார் என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். என் சொந்த ஊர் தேவகோட்டை. அரைமணிப் பேருந்தில் அம்மா கையால் சாப்பாடு. தொழில்பக்தி என்று கோப்பில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள்.

பட்டறை முதலாளி வயிரவன் நாற்பது வயதுக்காரர். பிரான்மலைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அவருடைய பட்டறை மூன்று தலைமுறையாக இரும்புப் பெட்டிகளும் இரும்பறைக் கதவுகளும் செய்துவந்தது. கண்டனூரிலும் கானாடுகாத்தானிலும் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடுகளில், நகையையும் வெள்ளிப் பாத்திரத்தையும் காத்துக்கொண்டிருக்கும் கதவுகளில் பாதி இந்தப் பட்டறையில் பிறந்தவைதான். கைவேலை எல்லாம் முன்பு சோலைமலையின் அப்பாவுடையது, இப்போது சோலைமலையுடையது. என்னைவிட நாலு வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். இரும்பைத் தடவிப் பார்த்தே அது எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடுவார்.

முதல் இரண்டு கதவுகளை ஒரு மாதம் முன்பே ஆய்வு செய்து அனுப்பியிருந்தேன். வரைபடத்தை விரித்துவைத்து ஒவ்வோர் அங்குலமும் அளந்தேன். ரப்பர் ஓரத்தில் சாக்பீஸ் தடவி மூடச் சொன்னேன். சோலைமலை மூடினார். திறக்கச் சொன்னேன். கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு திறந்தார். சாக்பீஸ் கோடு எதிர்ப்பக்கம் ஒரே சீராக விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். நான் என் கையால் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. ‘திற’ என்று சொல்வது ஆய்வாளர் வேலை, திறப்பது அவர்கள் வேலை என்று இருந்துவிட்டேன். அந்த இரண்டு கதவுகளும் நிலையத்தில் பொருத்தப்பட்டு, கடைசி ரப்பர் வேலை பாக்கியிருந்ததால் கயிற்றால் கட்டித் திறந்தபடியே நிறுத்தப்பட்டிருந்தன. நான் மூன்றாவது கதவைப் பார்க்கப் போன நாளுக்கு மறுநாள் காலையில்தான் முதன்முதலாக மூடிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த முதல் ஆய்வின்போது சோலைமலை என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “சார், இதுக்கு வீட்டுக்காரவுக யாரு?” என்பது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இந்திய சர்க்கார்” என்றேன். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இனி மூன்றாவது கதவு. பட்டறையின் பின்பக்கம் கதவுகளைப் பொருத்திப் பார்ப்பதற்கென்று செங்கல்லால் ஓர் அறை கட்டியிருந்தார்கள். ஜன்னல் இல்லை, நாலு பேர் நெருக்கி நிற்கலாம். நான் போன அன்று சோலைமலை இல்லை. கண்டனூரில் ஓர் ஆச்சி வீட்டில் கல்யாணம். வீட்டு எஜமானியை அந்தப் பக்கம் ஆச்சி என்பார்கள். இரும்பறை திறக்க மாட்டேன் என்கிறது என்று காலையிலேயே கார் வந்து அவரைக் கூட்டிப்போயிருந்தது. நான் கதவை அளந்தேன். எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. அதற்குள் வயிரவன் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வந்துவிட்டது. கோழி வறுவலின் வாசனைக்கு முன்னால் சாக்பீஸ் எந்த மூலைக்கு? சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைப் பணியாரமும் வந்தது. மூன்றாவது பணியாரத்தை மென்றுகொண்டே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். மிச்சச் சோதனையை எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“சார் கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார் வயிரவன்.

யாராவது உங்களை இப்படிப் புகழ்ந்தால் உடனே எழுந்து பேருந்து நிலையத்துக்குப் போய்விடுங்கள். நான் போகவில்லை. ஒரு வித்தை காட்ட வேண்டும்போல் இருந்தது.

“வாங்க, உள்ள போயி நின்னு பாப்போம். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வந்தாலும் கதவைத் திருப்பி அனுப்பிருவேன்” என்றேன்.

வெளியே நின்ற இரண்டு ஃபிட்டர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “நான் உள்ள இருந்து சுத்தியலால தட்டிப் பாப்பேன். பயப்பட வேணாம். நானே தெறந்து வருவேன். வேற யாரும் கதவுல கை வைக்கக் கூடாது. வச்சா சோதனை கெட்டுப்போகும்.”

இந்த ஐந்து வாக்கியத்தையும் ஞாபகத்தில் வையுங்கள். என்னை நானே உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமாக ஓர் உத்தரவு போட முடியாது.

நானும் வயிரவனும் உள்ளே போனோம். கதவு மூடியது. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. சோதனை அமோக வெற்றி. திருப்தியாகக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினேன். வெண்ணெயாகத் திரும்பியது. கதவு அசையவில்லை. மறுபடி திருப்பினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

“என்ன சார், தெறக்கலையா?”

“புதுக் கதவுல்ல. இறுக்கமா இருக்கு.”

“ஆமா சார். இறுக்கமா இருக்குன்னுதான கையெழுத்துப் போட்டீக.”

வயிரவன் கிண்டல் செய்யவில்லை. பயந்த மனிதர் வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் டார்ச்சை அடித்துக் கைப்பிடியையும் தாழ்களையும் பார்த்தேன். எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி நகர்ந்திருந்தன. வரைபடத்தின்படி அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

சுத்தியலை எடுத்து அடித்தேன். கத்தினேன். அவ்வளவு கனமான இரும்பைத் தாண்டிக் குரல் போகுமா? அடி மட்டும் போயிருக்கிறது. வெளியே என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஃபிட்டர்கள் இருவரும் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். “சார் ஒரு எடம் விடாம தட்டுறாரு பாத்தியா?” என்று ஒருவர். நான் பதறிப்போய்ப் படபடவென்று அடித்தபோது, “இப்ப வேகத்தைக் கூட்டிப் பாக்குறாரு” என்று மற்றவர். அவர்களில் ஒருவர் எத்தனை அடி என்று சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். எனக்குத் தேவைப்படுமாம்.

“சார், இந்தக் காத்து நம்ம ரெண்டு பேருக்கும் எம்புட்டு நேரம் வரும்?”

மனக்கணக்குப் போட்டேன். சில மணி நேரம் தாங்கும் என்று கணக்கு சொன்னது. அதை என் நெஞ்சு நம்பவில்லை. பயந்தேன். நன்றாகவே பயந்தேன். நான் மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். வயிரவன் ஐயனாருக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். நேரம் போகப் போக அவருடைய கிடா இரண்டாகி மூன்றாகியது. நான் மெழுகுவர்த்தியிலேயே நின்றேன். அந்த நேரத்திலும் மனசின் மேல்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: இது நிலையத்தில் தெரிந்தால் என் மானம் என்னாவது? டார்ச் மங்கியதும் இருவரும் தரையில் உட்கார்ந்து, மாறி மாறிக் கதவை அடித்துக்கொண்டிருந்தோம். வேர்வையில் சான்றிதழ் சட்டைப்பையோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து சோலைமலை வந்தார். கண்டனூர் ஆச்சியும் அதே காரில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாண வீட்டு வேலையைப் போட்டுவிட்டு, இரும்பறைச் சாவிக்கு மாற்றுச் சாவி கையோடு வாங்கிப் போக வந்தவர். ஃபிட்டர்கள் பெருமையாக, உள்ளே ஆய்வு நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆச்சி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாராம்.

“இது பரீட்சை அடி இல்லப்பா. உள்ள மாட்டிக்கிட்டவுக அடிக்கிற அடி. கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டு இரும்பறைக்குள்ள நானே ஒரு மத்தியானம் இப்பிடி அடிச்சிருக்கேன். மொதல்ல தெற.”

கதவு திறந்தது. சோலைமலை வழக்கம்போல ஒரு கையைக் கதவில் ஊன்றியபடி நின்றார். வெளிச்சத்தில் கண் கூசியது. வயிரவன் வெளியே பாய்ந்து ஆச்சிக்கு ஒரு கும்பிடு, சோலைமலைக்கு ஒரு கும்பிடு, பழக்கதோஷத்தில் எனக்கும் ஒரு கும்பிடு போட்டார். நான் ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தேன். குடித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

“கதவுல என்னய்யா வச்சிருக்கீரு?”

“சூட்சுமம் சார்” என்றார் சோலைமலை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. “இந்தப் பட்டறையை விட்டுப் போற எந்தக் கதவுலயும் ஒண்ணு இருக்கும். கதவை அடைச்சா உள்ளுக்குள்ள ஒரு நாக்கு தானா விழுந்துரும். வெளிய ஒரு ஆணியை அமுக்குனாத்தான் அது எந்திரிக்கும். எந்த ஆணின்னு தெரியாதவன் சாவி வச்சிருந்தாலும் தெறக்க முடியாது.”

“படத்துல அது இல்லையே?”

“படத்துல போடலாமா சார்? பாத்தவுக எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோகும்ல.”

அவர் கதவில் கையை ஊன்றியதெல்லாம் சும்மா ஊன்றியதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளங்கைக்கு அடியில் ஆணி இருந்திருக்கிறது.

“சரி, எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“யாருகிட்ட சார் சொல்றது? கதவு முடிஞ்சா வீட்டுக்காரவுக வருவாக. வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம். அவுகளை மட்டும் தனியாக் கூப்புட்டு காதுல சொல்லுவோம். அதுக்கு மேலதான் கதவு அவுகளுது. மொதலாளிக்குக்கூடத் தெரியாது. நான் வீட்டுக்காரவுக யாருன்னு கேட்டேன். நீங்க சர்க்காருன்னு சொன்னீக. சர்க்காரு காது எங்குட்டு இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? யாராச்சும் வருவாகன்னு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

வயிரவன் தலையை ஆட்டி ஆமோதித்தார். ஆச்சியும் அதிலே தப்பு எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை. இந்த ஊரில் முறை அதுதான்.

“உள்பக்கம் கைப்பிடி போட்டிருந்துச்சே, அது எதுக்குன்னு நெனச்சீரு?”

“அழகுக்குன்னு நெனச்சேன் சார். பெரிய எடத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணு போல கேப்பாக. உள்ள ஆளு இருப்பாகன்னு நீங்க சொல்லலையே. படத்துலயும் ஆளு இல்ல.”

வரைபடத்தில் கதவு மட்டும்தான் இருந்தது. அவர் நகையைக் காக்கிற கதவு செய்து பழகியவர். கதவுக்கு உள்ளே ஒரு மனிதன் நிற்பான் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. சட்டென்று முதல் இரண்டு கதவுகள் ஞாபகத்துக்கு வந்தன.

“அனுப்புன ரெண்டு கதவுலயும்?”

“அதுலயும் இருக்கு சார். சர்க்காரு வேலையாச்சேன்னு ரெட்டைச் சூட்சுமமா வச்சேன்” என்று பெருமையாகத் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மணி மூன்றரை. நாளைக் காலையில் அந்தக் கதவுகளை மூடப்போகிறார்கள். வயிரவன் என் கையைப் பிடித்தார்.

“சார், இப்பவே சோலைமலையைக் கார்ல அனுப்பிர்றேன். மூடுறதுக்கு முன்னாடி கழட்டிட்டு வந்துருவான். நாம ரெண்டு பேரும் உள்ள இருந்தது இந்தப் பட்டறையோட போகட்டும். உங்க வேலையும் நிக்கும், என் பட்டறையும் நிக்கும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வழியில் கார் நின்றுபோனால்? அதனால் பாதிப் பொய் ஒன்றைத் தயார் செய்தேன். ரப்பரில் சந்தேகம், நான் வரும்வரை கதவை மூட வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடுவது. என் மானமும் போகாது, ஆளுக்கும் ஒன்றும் ஆகாது. பட்டறைத் தொலைபேசியில் எக்ஸ்சேஞ்சு வழியாக வெளியூருக்கு அவசர டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தேன். ஆச்சி ஒரு முக்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரி லைனில் வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ரப்பர் கதையைச் சொன்னேன்.

“ரப்பர்தானே? இங்க வேலை மத்தியானமே முடிஞ்சுடுச்சு. நாளைக்கு எதுக்குன்னு இப்பவே மூடிப் பார்க்கச் சொல்லிட்டேன். பெயிண்டர் நாலு பேர் உள்ள இருக்காங்க. பெயிண்ட் வேலையோட வெளிச்சம் வருதான்னும் அவங்களே பார்த்துடுவாங்க. ரப்பர் சரியில்லன்னா வேற மாத்திக்கலாம். நீ பதறாதே.”

என் பாதிப் பொய்யை அவர் அதன் அளவுக்கே எடுத்துக்கொண்டார். ரப்பருக்காக யார் ஓடுவார்கள்? ஜன்னலில்லாத அறை. உள்ளே ஈரப் பெயிண்ட், தின்னர் நெடி, நாலு பேர்.

“ஐயா, ரப்பர் இல்ல. நான் சொன்னது பொய். கதவை மூடினா உள்ள இருந்து திறக்க முடியாது. வெளியில இருந்தும் முடியாது. கதவுக்குள்ள ஒரு ரகசியத் தாழ் இருக்கு. நான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். மூட விடாதீங்க.”

ரிசீவரை மேசையில் போடும் சத்தம். நாற்காலி விழும் சத்தம். ஓடும் சத்தம். அப்புறம் வெறும் கரகரப்பு. நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

“மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா?” என்றது எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல்.

“நீட்டுங்கம்மா, நீட்டுங்க!” என்று பக்கத்தில் நின்ற வயிரவன் கத்தினார்.

மேலதிகாரி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். “ஒரு கதவை மூடிட்டாங்க. நாலு பேரும் உள்ள. கைப்பிடி சுத்துது, திறக்கல. உள்ள தட்டுறாங்க. எப்படித் திறக்கணும்? சீக்கிரம் சொல்லு.”

ரிசீவரைச் சோலைமலையிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். வாயைத் திறந்தார், மூடினார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, “எல்லாரும் கொஞ்சம் வெளிய போனீகன்னா...” என்றார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். முப்பது வருஷம் அப்பனும் மகனுமாகக் காத்த பழக்கம் ஒரு நிமிஷத்தில் போய்விடாது. ஆனால் ஆச்சி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இந்தா, நாலு உசுரு உள்ள கெடக்கு. எங்க வீட்டு ஆணியையும் வேணும்னா சேத்துச் சொல்லு, நான் கோவிச்சுக்கிற மாட்டேன். சொல்லுப்பா!”

சோலைமலை ரிசீவரையும் வாயையும் சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மேலே இருந்து எத்தனையாவது ஆணி, அதற்குப் பக்கத்தில் எது, இரண்டையும் ஒரே கையால் எப்படி அமுக்க வேண்டும், கைப்பிடியை எப்போது திருப்ப வேண்டும். வெற்றிலை பாக்கு இல்லாமல், எக்ஸ்சேஞ்சுப் பெண்ணும் கேட்க, சர்க்காரின் காதில் சூட்சுமம் போய்ச் சேர்ந்தது. மறுபடி ரிசீவர் விழும் சத்தம், ஓடும் சத்தம்.

இரண்டு முறை நீட்டித்தோம். வயிரவனின் கிடாக்கள் ஏழு ஆகியிருந்தன. நானும் மெழுகுவர்த்தியை விட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்கு வந்துவிட்டேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த நாலு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் நான் போட்ட கையெழுத்தை நம்பி உள்ளே போனவர்கள்.

“திறந்தாச்சு” என்று குரல் வந்தது. “நாலு பேரும் வெளியில வந்துட்டாங்க. ஒருத்தன் தரையில மயங்கிக் கிடந்தான். தூக்கிட்டு வந்தோம். இப்ப கண்ணைத் திறந்துட்டான். தண்ணி கேக்கறான்.”

நான் அதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அழுததில் எனக்கு வெட்கமே இல்லை.

“நீ இதை எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டார் மேலதிகாரி.

ஆய்வில் கண்டுபிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கும். ஆனால் ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும் என்று சற்றுமுன்தான் பார்த்திருந்தேன்.

“உள்ள மாட்டிக்கிட்டுக் கண்டுபிடிச்சேன் ஐயா. கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்.”

அவர், “நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழிச்சுடாதே, கொண்டு வா” என்று மட்டும் சொன்னார். கொண்டுபோனேன். வேர்வைக் கறையோடு அதைத் தன் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துவிட்டு, என்னை ஆறு மாதம் சிமெண்ட் கிட்டங்கியில் மூட்டை எண்ண அனுப்பினார். அவருடைய அறைக்குப் போகும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். நியாயமான தண்டனை. இன்றுவரை அதில் எனக்கு மனக்குறை இல்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது என் தண்டனையைப் பற்றி அல்ல. போனை வைத்த பிறகு பட்டறையில் நடந்ததைப் பற்றி.

எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். வயிரவன் ஃபிட்டர்களைத் திட்டிக்கொண்டிருந்தார், அவர்கள் கரிக்கோட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள். சோலைமலை மட்டும் செங்கல் அறைக்குள் போனார்.

“என்னை உள்ள வச்சு அடைங்க ஆச்சி.”

“எதுக்குப்பா?”

“இம்புட்டுக் கதவு செஞ்சிருக்கேன். ஒருநாளும் உள்பக்கம் நின்னதில்ல.”

எந்த ஆணி என்று ஆச்சிக்குக் காட்டிவிட்டு உள்ளே நின்றார். ஆச்சியே கதவைத் தள்ளி அடைத்தார். நாங்கள் காத்திருந்தோம். தட்டும் சத்தம் எதுவும் வரவில்லை. கால்மணி நேரம் ஆனதும் ஆச்சி பொறுக்க மாட்டாமல் ஆணியை அமுக்கித் திறந்தார். சோலைமலை நின்றுகொண்டிருக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்திருந்தார். நாங்கள் பதறிப்போய் உள்ளே ஓடினோம். அவர் படுத்தபடியே கையைக் கதவுப் பக்கம் நீட்டி, அது எதுவரை எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து வந்து என் பையிலிருந்த சாக்பீஸை எடுத்தார். குனிந்து, கதவின் உள்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வட்டம் போட்டார்.

“சூட்சுமத்தை இன்னைக்கே எடுத்துர்றேன் சார். இங்குட்டு இன்னொரு கைப்பிடி வேணும்.”

“எதுக்குப்பா அம்புட்டுத் தாழ?” என்றார் ஆச்சி.

“விழுந்து கெடக்கறவுகளுக்கு எட்டணும்ல ஆச்சி.”

அதே தரையில் ஒன்றரை மணி நேரம் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். படித்தவன், ஆய்வாளன், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன். என் மானத்தைத் தவிர வேறு எதுவும் எனக்கு அங்கே தோன்றவில்லை. நான் வரைபடத்தை விரித்து, அவர் சாக்பீஸால் காட்டிய இடத்தில் அந்தக் கைப்பிடியை வரைந்தேன். பக்கத்தில், தரையில் கிடக்கும் ஓர் ஆளையும் வரைந்தேன்.